உயர்வலிமை எஃகின் பற்றவைப்பில் போரான் தனிமத்தின் பங்கு

பொற்கொல்லர் பட்டறைகளில் வெங்காரம் இன்றியமையாத ஒரு பொருளாகும். நகையின் இரு முனைகளைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும்போது அவ்விடத்தில் வெங்காரத்தைத் தடவுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். சூடேறிய உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடுப் படலத்தை வெங்காரம் கரைத்துவிடுகிறது. அதனால் பொடி உருகி இடுக்கினுள் ஓடிப் பற்றிக்கொள்கிறது. சோடியம், போரான், ஆக்சிஜன் ஆகிய தனிமங்களோடு நீரும் சேர்ந்து அமைந்த உப்பே வெங்காரம். லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளையொட்டி இது இயற்கையாகவே காணப்படுகிறது.

ஆகவே, போரான் நம் நாட்டுத் தொழிலாளர்க்கு முற்றிலும் புதிய பொருளன்று. வெங்காரத்தில் அது உலோகத்தின் புறத்தே நின்று துணை புரிகிறது. எஃகினுள் கலந்துவிட்டாலோ, உலோகத்தின் உள்ளமைப்பையே மாற்றவல்லதாகிறது. அம்மாறுதல் எவ்வாறு நிகழ்கிறது, பற்றவைப்பின் வெப்பம் அதனை எங்ஙனம் பாதிக்கிறது, பணியிடத்தில் எதனைக் கவனித்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மைசூருவில் 1964ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. சுரங்கங்களில் கனிமத்தையும் பாறையையும் ஏற்றிச் செல்லும் பெரிய டம்பர் வண்டிகள் அங்கே உருவாகின்றன. இந்நிறுவனத்தின் வண்டிகளுள் 100 டன் சுமை ஏற்றத்தக்கவையும் உண்டு. அவ்வளவு பாறையை உயரத்திலிருந்து கொட்டும்போது உண்டாகும் அதிர்ச்சியை வண்டியின் தொட்டியும் அடிச்சட்டமும் நாள்தோறும் தாங்க வேண்டும். தேய்மானத்தையும் பொறுக்க வேண்டும். இத்தகைய வண்டிகள், மண் தோண்டும் இயந்திரங்களின் வாளிகள், பாரந்தூக்கிகளின் கரங்கள் முதலியவற்றிற்கு உலகெங்கும் தோய்ச்சல் செய்து பதப்படுத்திய உயர்வலிமை எஃகுத் தகடுகளைப் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அத்தகடுகளுட் பெரும்பாலானவற்றில் போரான் மிகச் சிறிய அளவில் சேர்ந்திருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வழி பற்றவைப்பே. ஆதலின், போரானும் பற்றவைப்பும் சந்திக்கும் இடத்தில் நிகழ்வதை அறிவது ஏட்டுக்கல்வி மட்டுமன்று. அது பணியாளரின் பாதுகாப்போடு தொடர்புடைய அறிவாகும்.

சிறிய அளவு, பெரிய விளைவு

எஃகில் பயனளிக்கும் போரானின் அளவு சாதாரணமாக 0.0005 முதல் 0.003 சதவீதம் வரையாகும். 0.002 சதவீதம் என்றால் ஒரு டன் எஃகில் வெறும் 20 கிராம். போரான் அணு இரும்பு அணுவைவிட மிகவும் இலேசானது. ஆகையால் அணுக்களின் எண்ணிக்கையில் பார்த்தால், ஏறத்தாழப் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் போரான் அமைகிறது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் போன்ற உலோகங்களைக் கிலோக் கணக்கில் சேர்த்துப் பெற வேண்டிய பயனை இச்சிறு அளவு அளித்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல், குரோமியம், மாலிப்டினம் ஆகியவற்றிற்குக் கடும் பற்றாக்குறை ஏற்பட்டது. அவற்றைச் சிக்கனப்படுத்தும் பொருட்டே அமெரிக்காவில் போரான் சேர்ந்த எஃகுகள் பெருமளவில் புழக்கத்திற்கு வந்தன. பின்னர் 1950களில், ‘டி-1’ என்ற பெயரில் பற்றவைக்கத்தக்க தோய்ச்சல் எஃகு அங்கே விற்பனைக்கு வந்தது. அதிலும் போரான் இடம் பெற்றது. இன்றைய உயர்வலிமைத் தகடுகள் பலவும் அதே வழியில் வந்தவையே.

மணிகளும் மணி எல்லைகளும்

பளபளப்பாகத் தேய்த்து, அமிலத்தால் அரித்த எஃகுத் துண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அது ஒரே பிழம்பாக இராமல் எண்ணற்ற சிறு மணிகள் நெருங்கி அமைந்த தொகுதியாகத் தோன்றும். மாதுளம்பழத்தைப் பிளந்தால் முத்துக்கள் ஒன்றையொன்று நெருக்கி, இடையே மெல்லிய எல்லைகளுடன் காணப்படுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். இம்மணிகளின் வகை, பருமன், அமைப்பு ஆகியவற்றையே நுண்ணமைப்பு என்கிறோம். எஃகின் வலிமையும், அதிர்ச்சி தாங்கும் திறனும் இந்நுண்ணமைப்பைப் பெரிதும் சார்ந்தவை.

எஃகைச் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றினால் அது ஆஸ்டினைட் என்னும் அமைப்பைப் பெறுகிறது. அதனை மெதுவாக ஆறவிட்டால், ஆஸ்டினைட் மணிகளின் எல்லைகளில் ஃபெரைட் என்னும் மென்மையான அமைப்பு முளைத்து உள்நோக்கி வளர்கிறது. விரைவாகக் குளிர்வித்தால் ஃபெரைட் முளைக்க நேரம் கிடைப்பதில்லை. அப்பொழுது கடினமான மார்ட்டென்சைட் உண்டாகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேகத்தில் பெய்னைட் தோன்றுகிறது. கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பதன் நோக்கம், ஃபெரைட்டுக்கு இடங்கொடாமல் மார்ட்டென்சைட்டைப் பெறுவதேயாகும்.

மெல்லிய அரிவாளுக்கு இது எளிது. கனமான தகட்டின் நடுப்பகுதி அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. அங்கே ஃபெரைட் முளைத்துவிடும். இங்கேதான் போரான் உதவுகிறது. போரான் அணுக்கள் ஆஸ்டினைட் மணிகளின் எல்லைகளை நாடிச் சென்று அங்கே தங்கும் இயல்புடையன. அவை தங்கிய எல்லையில் ஃபெரைட் எளிதில் முளைப்பதில்லை. சர்க்கரைப் பாகு பூத்துவிடாமலிருக்கச் சமையற்காரர் சில துளி எலுமிச்சைச் சாறு விடுவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். அங்கே நடக்கும் இரசாயன மாற்றம் வேறு. எனினும், சிறு அளவுப் பொருள் ஒன்று புதிய படிகம் தோன்றுவதைத் தடுக்கும் என்ற அளவில் இவ்வுவமை பொருந்தும். ஃபெரைட் தோன்றுவது தாமதப்படுவதால், மெதுவாகக் குளிரும் கனமான தகடும் உள்வரை கடினமாகிறது. இதனைக் கடினமாகும் திறன் என்று உலோகவியலார் கூறுவர்.

மூன்று விவரங்களை இங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, எல்லையில் தனித்து நிற்கும் போரானே பயனுள்ளது. நைட்ரஜனுடனோ ஆக்சிஜனுடனோ கூடிவிட்ட போரான் இவ்வேலையைச் செய்யாது. இரண்டாவது, அளவு மிகுந்தால் பயன் குறையும். மிகுதியான போரான், இரும்பு, கார்பன் ஆகியவற்றுடன் சேர்ந்து போரோகார்பைடுத் துகள்களாக எல்லைகளில் படியும். எந்த எல்லையைப் போரான் காத்ததோ, அங்கேயே இத்துகள்கள் ஃபெரைட் முளைக்க இடமளித்துவிடும். இன்னும் மிகுந்தால் எஃகு சூடான நிலையில் எளிதில் வெடிக்கும் குணம் பெறும். மூன்றாவது, கார்பன் குறைந்த எஃகில் போரானின் பயன் அதிகம். கார்பன் 0.8 சதவீதத்தை நெருங்கும்போது அப்பயன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பற்றவைப்புக்கு ஏற்றதும் கார்பன் குறைந்த எஃகே என்பதால், இருவகையிலும் நன்மை கூடிவருகிறது.

மணி எல்லையிலுள்ள போரானைச் சாதாரண நுண்ணோக்கியால் காண இயலாது. அது இருக்குமிடத்தை அறிய ஒரு நுட்பமான முறை உண்டு. இயற்கைப் போரானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போரான்-10 என்னும் வகையாகும். அது நியூட்ரானை விழுங்கி ஆல்ஃபா துகளை வெளியிடும். எஃகுத் துண்டின் மேல் தகுந்த படலத்தை ஒட்டி, அணு உலையில் நியூட்ரான்கள் படுமாறு வைத்தால், ஆல்ஃபா துகள்கள் படலத்தில் தடம் பதிக்கும். அத்தடங்களை அரித்துத் தெளிவாக்கினால் போரானின் இருப்பிடம் ஒரு படம்போல் வெளிப்படுகிறது.

பற்றவைப்பின்போது நிகழ்வது

தொழிற்சாலையில் மிகுந்த கவனத்தோடு உருவாக்கிய இந்நுண்ணமைப்பைப் பற்றவைப்பு சில விநாடிகளில் கலைத்துவிடுகிறது. உருகி உறைந்த பற்றவைப்பு உலோகத்தை அடுத்து, உருகாவிடினும் கடுமையாகச் சூடேறிய ஒரு பட்டை இருக்கும். இதனை வெப்பம் தாக்கிய பகுதி என்கிறோம். இது ஒரே தன்மையுடையதன்று.

உருகிய எல்லையை ஒட்டி, சுமார் 1100 டிகிரிக்கு மேல் சூடேறிய இடத்தில் ஆஸ்டினைட் மணிகள் பெருத்துவிடுகின்றன. இது பருமணிப் பகுதி. அதற்கு அப்பால் மணிகள் புதிதாகப் பிறந்து சிறுத்தே நிற்கும் நுண்மணிப் பகுதி அமைகிறது. அதனையும் கடந்தால், ஒரு பங்கு மட்டும் ஆஸ்டினைட்டாக மாறிய இடைப்பகுதியும், மாற்றம் நிகழாவிடினும் சூட்டால் மென்மையடைந்த பகுதியும் உள்ளன. இவையனைத்தும் சில மில்லிமீட்டர் அகலத்திற்குள் அடங்கிவிடுகின்றன.

பருமணிப் பகுதியில் போரான் எஃகு இருவகை இடர்களுக்கு உள்ளாகலாம். குறைந்த வெப்பத்தில் பற்றவைத்தாலோ, தகடு கனமாகவும் குளிர்ந்தும் இருந்தாலோ, அப்பகுதி விரைந்து குளிர்ந்து கடினமான மார்ட்டென்சைட்டாகிறது. மணி எல்லைகளில் போரான் காவல் நிற்பதால், போரானற்ற எஃகில் ஓரளவு மென்மை தரும் ஃபெரைட் தோன்றியிருக்கக்கூடிய வேகத்திலும் இங்கே அது தோன்றுவதில்லை. ஈரமான ராடிலிருந்தோ, துருவிலிருந்தோ, எண்ணெய்ப் பிசுக்கிலிருந்தோ ஹைட்ரஜன் புகுந்துவிட்டால் பிளவு தோன்றக் காரணங்கள் யாவும் கூடிவிடுகின்றன. கடினமான அமைப்பு, ஹைட்ரஜன், இணைப்பினுள் தேங்கிய இழுவிசை ஆகிய மூன்றும் சேர்ந்தால் குளிர்ந்தபின் பிளவு ஏற்படும்.

இப்பிளவின் கொடுமை யாதெனில், அது உடனே வெளிப்படுவதில்லை. ஹைட்ரஜன் மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் திரளச் சில மணி நேரமோ, ஒன்றிரண்டு நாட்களோ ஆகலாம். மாலையில் பரிசோதித்து நன்றென்று முடிவு கூறிய இணைப்பு, இரண்டாம் நாள் பிளந்திருக்கக்கூடும். அதற்குள் பாரந்தூக்கியில் சுமை ஏற்றி, அதன்கீழ் ஆட்கள் நிற்கவும் தொடங்கியிருப்பர். இக்காரணத்தால், உயர்வலிமை எஃகின் பற்றவைப்பைப் பெரும்பாலும் 48 மணி நேரம் கழித்தே இறுதியாகப் பரிசோதிப்பது வழக்கம்.

மற்றோர் இடர் இதற்கு நேர்மாறானது. பிளவுக்கு அஞ்சித் தகட்டை அளவுக்கு மீறிச் சூடேற்றினாலோ, ஒரே ஓட்டத்தில் மிகுந்த வெப்பம் செலுத்தினாலோ, பருமணிப் பகுதி மெதுவாகக் குளிர்ந்து முரட்டுப் பெய்னைட்டாக மாறும். அது அதிர்ச்சியைத் தாங்காது. அப்பாலுள்ள பகுதியோ, தோய்ச்சலால் பெற்ற வலிமையை இழந்து மென்மையாகிவிடும். இதனால்தான் இவ்வகைத் தகடுகளுக்குக் குறைந்தபட்ச முன்சூட்டோடு, மீறக்கூடாத மேல் எல்லையும் குறிக்கப்படுகிறது.

நைட்ரஜனும் டைட்டானியமும்

போரானுக்கு நைட்ரஜனிடம் மிகுந்த நாட்டம் உண்டு. எஃகில் எப்பொழுதும் சிறிது நைட்ரஜன் இருக்கும். அதனைத் தனித்து விட்டால் போரானோடு கூடிப் போரான் நைட்ரைடாகிவிடும். போரான் வீணாகாமற் காக்க, நைட்ரஜனோடு இன்னும் வலுவாகப் பிணையும் டைட்டானியத்தை எஃகு செய்வோர் சேர்க்கின்றனர். எடைக் கணக்கில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 3.4 பங்கு டைட்டானியம் தேவை. அலுமினியமும் இவ்வகையில் ஓரளவு துணை செய்கிறது.

பற்றவைப்பு இவ்வேற்பாட்டையும் சோதிக்கிறது. உருகிய எல்லைக்கு மிக அருகில் டைட்டானியம் நைட்ரைடுத் துகள்களில் ஒரு பகுதி கரைந்து, சிறைப்பட்டிருந்த நைட்ரஜன் விடுபடுகிறது. குளிரும்போது அந்நைட்ரஜன் போரானைப் பற்றிக்கொள்ளலாம். தோய்ச்சல் எஃகில் இது போரானின் பயனைக் குறைப்பதாகும். ஆனால் கப்பல் தகடுகள் போன்றவற்றை மிகுந்த வெப்பத்தோடு பற்றவைக்கையில் இதே நிகழ்ச்சி நன்மையாகவும் அமைகிறது. அங்கே விடுபட்ட நைட்ரஜன் எஃகை நொறுங்கச் செய்யாதபடி போரான் அதனைப் பிணைத்துவிடுகிறது. அவ்வாறு உண்டான துகள்கள் பருமணிகளின் உள்ளே ஃபெரைட் முளைக்க இடமளித்து, அமைப்பை நுண்மையாக்குகின்றன. ஒரே தனிமம், ஒரே அளவு. எனினும் எந்த எஃகில், எந்த வடிவில், எவ்விடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறிவிடுகிறது.

பற்றவைப்பு உலோகத்தில் போரான்

இதுவரை தகட்டைப் பற்றிக் கூறினோம். உருகி உறையும் பற்றவைப்பு உலோகத்திலும் போரானுக்கு இடமுண்டு. ராடின் பூச்சிலோ, கம்பியிலோ டைட்டானியத்தையும் போரானையும் சேர்த்து, உறைந்த உலோகத்தில் சுமார் 0.003 முதல் 0.006 சதவீதம் போரான் இருக்குமாறு செய்யும் முறை பல நாடுகளில் வழக்கத்திலுள்ளது. அங்கே இரு தனிமங்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மணி எல்லைகளில் முரட்டு ஃபெரைட் முளைக்காதபடி போரான் தடுக்கிறது. மணிகளின் உள்ளே, டைட்டானியம் கலந்த மிக நுண்ணிய ஆக்சைடுத் துகள்களின்மீது ஊசிவடிவ ஃபெரைட் முளைத்து, பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் படர்கிறது. இப்பின்னலைப் பிளவு எளிதில் கடக்க இயலாது. ஆதலால் குளிர்ந்த நிலையிலும் இணைப்பு அதிர்ச்சியைத் தாங்குகிறது. அளவு மிகுந்தாலோ உலோகம் கடினமாகி, இப்பயன் கெடுகிறது.

கல்பாக்கத்தில் ஓர் ஆராய்ச்சி

வெப்பம் தாக்கிய பகுதியில் போரான் செய்யும் வேலையை நம் நாட்டிலேயே விரிவாக ஆராய்ந்துள்ளனர். தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நடைபெற்ற பணி அது. அங்கே ஆராய்ந்த எஃகு டம்பர் வண்டிக்கான தகடன்று. 9 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மாலிப்டினமும் கொண்ட, கடும் வெப்பத்தைத் தாங்கும் எஃகு. அனல் மின்நிலையக் குழாய்களிலும், கல்பாக்கம் வேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலங்களிலும் இவ்வகை எஃகு பயன்படுகிறது.

இவ்வெஃகின் பற்றவைப்பில் ஒரு குறை நீண்ட காலமாக அறியப்பட்டது. 550 முதல் 600 டிகிரி வெப்பத்தில் ஆண்டுக் கணக்கில் சுமை தாங்கும்போது, பற்றவைப்பு உலோகமும் தாய்த் தகடும் நன்றாகவே இருக்க, வெப்பம் தாக்கிய பகுதியின் வெளியோரத்தில் நுண்மணிப் பகுதியும் இடைப்பகுதியும் மெல்ல நெகிழ்ந்து பிளந்துவிடும். இதனை நான்காம் வகைப் பிளவு என்பர். அவ்விடத்தில் மார்ட்டென்சைட்டின் நுண்ணிய பாளங்களைத் தாங்கி நிற்கும் கார்பைடுத் துகள்கள் பருத்துப்போவதே இதன் முக்கியக் காரணமாகும்.

ஆராய்ச்சியாளர்கள் இருவகை எஃகுகளை உருக்கி ஒப்பிட்டனர். ஒன்று போரான் இல்லாதது. மற்றொன்று நைட்ரஜனை மிகக் குறைத்து, போரானை அளவோடு சேர்த்தது. இரண்டையும் பற்றவைப்புக்கு முன்னர் 1050 டிகிரியிலும் 1150 டிகிரியிலும் சூடேற்றிப் பதப்படுத்திப் பார்த்தனர். 2012ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில் அதன் முடிவுகள் இடம் பெற்றன. போரான் சேர்ந்த எஃகில் நுண்மணிப் பகுதியும் இடைப்பகுதியும் மென்மையடைவது குறைந்தது. 1150 டிகிரியில் பதப்படுத்திய போரான் எஃகின் இணைப்பு, 1050 டிகிரியில் பதப்படுத்தியதைவிட மிக நீண்ட ஆயுள் பெற்றது. போரான் இல்லாத எஃகிலோ இதற்கு நேர்மாறாக, 1150 டிகிரியில் பதப்படுத்தியபோது ஆயுள் குறைந்தது. பிளவு ஓடும் வழியும் மாறிற்று. வெளியோரத்தில் தோன்றும் நான்காம் வகைப் பிளவுக்குப் பதிலாக, பற்றவைப்பு உலோகத்தில் தொடங்கி இடைப்பகுதி வரை செல்லும் இரண்டாம் வகைப் பிளவே போரான் எஃகில் காணப்பட்டது. முன்பு மிகவும் நலிந்திருந்த இடம் வலுப்பெற்றுவிட்டது என்பதற்கு இது சான்றாகும்.

இதிலிருந்து பெறும் படிப்பினை கவனிக்கத்தக்கது. போரானின் அளவு இரு வெப்பநிலைகளிலும் ஒன்றே. உயர்ந்த வெப்பநிலையில் பதப்படுத்தியபோதுதான் அது தக்க இடத்தை அடைந்து, கார்பைடுத் துகள்கள் பருத்துவிடாமற் காத்தது. சான்றிதழில் காணும் எண் மட்டும் முழு விவரத்தையும் கூறிவிடாது. எஃகு கடந்து வந்த வெப்ப வரலாறும் அதனோடு சேர்ந்தே பலனைத் தீர்மானிக்கிறது.

கணக்கில் விடுபடும் போரான்

பணியிடத்தில் முன்சூடு எவ்வளவு தேவை என்பதை முடிவு செய்யக் கார்பன் சமஎண் என்னும் கணக்கைப் பயன்படுத்துவர். பரவலாக வழங்கும் சர்வதேச முறையில், கார்பன் அளவோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கையும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கையும், நிக்கல், செம்பு இரண்டின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டும். இக்கணக்கில் போரானுக்கு இடமே இல்லை.

1960களின் இறுதியில் ஜப்பானில் இட்டோ, பெஸ்ஸியோ ஆகிய இருவர் கார்பன் குறைந்த எஃகுகளுக்கென வேறொரு கணக்கை வகுத்தனர். அதில் கார்பன் அளவோடு, சிலிக்கனில் முப்பதில் ஒரு பங்கு, மாங்கனீஸ், செம்பு, குரோமியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் இருபதில் ஒரு பங்கு, நிக்கலில் அறுபதில் ஒரு பங்கு, மாலிப்டினத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, வனேடியத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகியவை சேரும். போரானையோ ஐந்தால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். மற்றத் தனிமங்கள் வகுபடும் கணக்கில் போரான் ஒன்றே பெருக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு தகட்டில் கார்பன் 0.16, சிலிக்கன் 0.30, மாங்கனீஸ் 1.20, குரோமியம் 0.30, மாலிப்டினம் 0.20 சதவீதம் இருப்பதாகக் கொள்க. முதற் கணக்கின்படி சமஎண் 0.46. இதில் 0.002 சதவீதம் போரான் இருப்பினும் இல்லாவிடினும் விடை அதுவே. இரண்டாம் கணக்கின்படி போரானின்றி 0.258, போரானுடன் 0.268. இவ்வேறுபாடு 0.01. மாங்கனீஸால் இதே உயர்வு ஏற்பட வேண்டுமாயின் 0.20 சதவீதம், அதாவது டன்னுக்கு 2 கிலோ மாங்கனீஸ் கூடுதலாகத் தேவை. இருபது கிராம் போரான் இக்கணக்கில் இரண்டு கிலோ மாங்கனீஸுக்குச் சமமாக நிற்கிறது.

சுங்க விதிகளும் இச்சிறு அளவை மதிக்கின்றன. சர்வதேசச் சுங்க வகைப்பாட்டின்படி, போரான் 0.0008 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அவ்வெஃகு கலப்பு எஃகாகக் கருதப்படும். கலப்பு எஃகு ஏற்றுமதிக்குச் சீனாவில் வரிச்சலுகை இருந்த காலத்தில், சாதாரண எஃகிலும் சிறிது போரான் சேர்த்து அனுப்பும் பழக்கம் அங்கே பரவியது. போரான் சேர்ந்த எஃகுக்கான அச்சலுகை 2015ஆம் ஆண்டு ஜனவரி முதல் நீக்கப்பட்டது. அக்காலத்தில் வாங்கிய தகடுகள் கிடங்குகளிலும், பழைய கட்டமைப்புகளிலும் இன்னும் இருக்கக்கூடும். வலிமைக்காக அன்றி வரிக்காகச் சேர்ந்த போரானாயினும், பற்றவைக்கும்போது அது தன் இயல்பைக் காட்டாமல் இராது. ஆகவே, சாதாரணத் தகடென்று எண்ணிப் பழுது பார்க்கும்போதும் சான்றிதழைக் காண்பது அவசியமாகிறது.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. தகட்டின் ஆலைச் சான்றிதழில் போரானுக்குரிய இடத்தைத் தவறாமல் பார்க்கவும். அது குறிக்கப்படாதிருப்பின், போரான் இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. ஆலையையோ, பரிசோதனைச் சாலையையோ கேட்டுத் தெளிதல் வேண்டும்.

2. போரான் இருப்பின், அதனைச் சேர்த்துக்கொள்ளும் கணக்கையே முன்சூட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளவும். தகடு செய்தவர் குறித்த கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் கடைப்பிடிக்கவும்.

3. ஹைட்ரஜன் குறைந்த ராடுகளையே பயன்படுத்தவும். அவற்றைத் தயாரித்தவர் கூறிய வெப்பநிலையில், பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரியில், உலர்த்திச் சூடான பெட்டியில் வைத்திருந்து எடுக்கவும். மழைக்காலத்தில் இதில் சிறிதும் தளர்ச்சி கூடாது.

4. தகட்டின் விளிம்பிலுள்ள துரு, வண்ணம், எண்ணெய், ஈரம் ஆகியவற்றை நீக்கவும்.

5. தற்காலிகமாக இடும் சிறு பொட்டுப் பற்றவைப்புகளுக்கும் இதே முன்சூடு தேவை. சிறிய பொட்டு மிக விரைவாகக் குளிர்வதால், பிளவு பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது.

6. வெப்பம் தாக்கிய பகுதியின் கடினத்தன்மையை மாதிரித் துண்டில் அளந்து பார்க்கவும். சாதாரணக் கட்டமைப்பு எஃகில் விக்கர்ஸ் அளவில் 350ஐத் தாண்டினால் பிளவு பற்றி எச்சரிக்கை தேவை என்பது நெடுநாளைய வழக்கு.

7. இறுதிப் பரிசோதனையைக் குறித்த கால இடைவெளிக்குப் பின்னரே செய்யவும். அதுவரை சுமை ஏற்றலாகாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

குளிரும் வேகம் எஃகை எங்ஙனம் மாற்றுகிறது என்பதை ஆசிரியர்கள் மூன்று தையல் ஊசிகளைக் கொண்டு விளக்கலாம். ஊசிகளை இடுக்கியால் பிடித்துச் செந்தணலாகும் வரை விளக்குச் சுடரில் காட்டவும். ஒன்றைச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடவும். மற்ற இரண்டையும் உடனே நீரில் இடவும். நீரில் இட்டவற்றுள் ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நீலநிறம் தோன்றும் வரை மட்டும் மீண்டும் இலேசாகச் சூடேற்றி ஆறவிடவும். பின்னர் மூன்றையும் இடுக்கியால் வளைத்துப் பார்க்கலாம். சாம்பலில் ஆறியது எளிதில் வளையும். நீரில் இட்டது பட்டென்று ஒடியும். நீலநிறம் பெற்றது வளைந்து மீண்டும் நிமிரும். கண்ணாடி அணிந்து, மாணவர்களைச் சற்றுத் தொலைவில் நிறுத்தியே இதனைச் செய்தல் வேண்டும்.

முதல் ஊசி மெதுவாகக் குளிர்ந்த எஃகையும், இரண்டாவது தோய்ச்சல் எஃகையும், மூன்றாவது தோய்த்தபின் பதப்படுத்திய எஃகையும் காட்டுகின்றன. மெல்லிய ஊசிக்கு நீரில் இடுவதொன்றே போதும். கனத்த தகடும் உள்வரை இரண்டாம் ஊசியின் நிலையை அடைவதற்கே போரான் துணை செய்கிறது என்று ஆசிரியர் எடுத்துரைக்கலாம். அடுத்து, பற்றவைத்த இடத்தை ஒட்டிய பட்டையும் கவனியாது விட்டால் இரண்டாம் ஊசியைப் போலவே ஒடியத்தக்கதாகிவிடும் என்பதையும் கூறி, முன்சூட்டின் அவசியத்தை மாணவர்கள் உணரும்படி செய்யலாம்.

பற்றவைப்புத் தொழிலுக்கென 1975ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பெல் நிறுவனத்தைச் சார்ந்து பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஆராய்ச்சியாளர் அளிக்கும் விளக்கங்களைப் பட்டறையில் ராடைப் பிடிக்கும் தொழிலாளி வரை கொண்டுசெல்லும் பொறுப்பு மேற்பார்வையாளருக்கும் ஆசிரியருக்கும் உரியது. ஒரு டன் எஃகில் இருபது கிராம் என்று அலட்சியம் செய்யாமல், சான்றிதழில் அவ்வொரு வரியைத் தேடிப் படிக்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே ஏற்படுமாயின், பிளவுகள் பலவற்றைத் தோன்றும் முன்னரே தடுக்க இயலும்.